எங்கள் பக்கம் விழுந்த புள்ளி

ஆவணி 5, வியாழன்

காலையில் தூறல், பிறகு புழுக்கம். கடல் காற்று இல்லை. மணலிப் பக்கத்து ஆலை நாற்றம் மட்டும்.

சமுதாயக் கூடத்தில் இன்று இருந்தவர்கள்: நான். என் மகள் செல்வி, வலது கையில் கட்டோடு. அவள் மகள் பவானி, கன்டெய்னர் யார்டு ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். என் மகன் மூர்த்தி, எங்களோடு உட்காராமல் ஆம்பளைகள் பக்கம். எதிர்வீட்டுக் கன்னியம்மா (என் குண்டானை வாங்கிப்போய் அடி நசுக்கித் திருப்பித் தந்தவள். மறக்கவில்லை). பக்கத்து நகர் மும்தாஜ், என்னிடம் மீன் வாங்குகிறவள். ஊர்த் தலைவர் ஏகாம்பரம், சலவை வேட்டி. கார்ப்பரேஷன் விளக்கு ஆபீஸர் அம்மா ஒருத்தி, கையில் கம்ப்யூட்டர். மற்றதெல்லாம் வெயிலுக்கு ஒதுங்கிய கூட்டம். பெயர் தெரியும், எழுதப் போவதில்லை.

விஷயம் விளக்கு. குப்பத்திலிருந்து எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குப் போகிற சுவரோரப் பாதை. ஒரு பக்கம் யார்டு சுவர், இன்னொரு பக்கம் வரிசையாக நிற்கிற லாரிகள். விடியுமுன் காசிமேடு மீன் ஏலத்துக்குப் போகிற பெண்கள் எல்லாருக்கும் அதுதான் வழி. ஆடி மாதம் அங்கேதான் செல்வியின் செயினை இழுத்தார்கள். பைக்கில் இரண்டு பேர். செயின் போச்சு, கீழே விழுந்து கை எலும்பும் போச்சு. இன்னும் கூடை தூக்க முடியவில்லை. விளக்கு வராமல் அந்தப் பாதையில் கால் வைக்க மாட்டேன் என்கிறாள். அவள் ஏலத்துக்குப் போகாவிட்டால் எங்கள் வீட்டில் உலை இல்லை. அதனால்தான் பெண்கள் எல்லாரும் போய் விளக்கும் காமிராவும் கேட்டோம்.

ஆபீஸர் அம்மா சுவரில் ஒரு படம் காட்டினாள். போலீஸ் போட்டிருக்கிற மேப். யார் வேண்டுமானாலும் செல்போனில் பார்க்கலாமாம். ஸ்டேஷனில் கம்ப்ளைண்ட் எழுதின திருட்டு ஒவ்வொன்றும் ஒரு சிவப்புப் புள்ளி. மும்தாஜ் இருக்கிற நகர் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. எங்கள் குப்பம் சுத்தம். கடல் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு சுத்தம்.

ஆம்பளைகள் கை தட்டினார்கள். மெய்யாகவே தட்டினார்கள்.

ஏகாம்பரம் எழுந்து, "பாத்துக்கங்கம்மா. எங்க ஊர்ல ஒரு புள்ளி கெடையாது. எங்க கட்டுப்பாடு அப்டி."

"ரொம்ப சந்தோஷம் சார். அப்ப விளக்கு, காமிரா ரெண்டும் பக்கத்து நகருக்கு எழுதிடறேன். குற்றம் ஜாஸ்தி இருக்கற இடத்துக்குத்தான் முதல்ல."

தட்டின கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவர்களுக்கு.

செல்வி கட்டுப்போட்ட கையைத் தூக்கினாள். "அப்ப இது இன்னாங்க?"

"கம்ப்ளைண்ட் குடுத்தீங்களாம்மா?"

செல்வி கையை இறக்கிக்கொண்டாள். பிள்ளையார் கரைப்பு முடிந்ததும் லிஸ்ட் மேலே போய்விடும், அதற்குள் ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்று சொல்லி ஆபீஸர் அம்மா போய்விட்டாள்.

ஸ்டேஷனுக்குப் போகாதது எங்கள் வழக்கம். திருட்டு, அடிதடி, புருஷன் பெண்டாட்டி சண்டை, எதுவானாலும் பஞ்சாயத்து. பஞ்சாயத்தாரைக் கேட்காமல் ஸ்டேஷன் வாசலை மிதித்தால் தெண்டம், அந்த வீட்டு ஆம்பளை கடலுக்குப் போக முடியாது. கெட்ட வழக்கம் என்று சொல்ல மாட்டேன். என் மாமனார் காலத்தில் ஒருவன் போய்ச் சொன்னால் போலீஸ் வந்து ஊர் ஆம்பளைகளையே வேனில் அள்ளிப் போவார்கள். அதற்காக வைத்த வழக்கம். ஆனால் திருடன் ஊருக்குள் இருந்தால் பஞ்சாயத்து கூப்பிட்டு நிறுத்தும். பைக்கில் வந்து பைக்கில் போகிறவனை எந்தப் பஞ்சாயத்து கூப்பிடும்.

வீட்டுக்கு வரும் வழியில் மூர்த்தி செல்வியிடம்: "கூட்டத்துல கைய தூக்கிக் காட்றியே, ஊர் மானம் போவல? கம்முனு இரு."

அவன் ஏகாம்பரத்தின் விசைப்படகில் டிரைவர். அப்படித்தான் பேசுவான் என்று விட்டுவிட்டேன்.

ராத்திரிக்கு: பழைய குழம்பு, அப்பளம்.

ஆவணி 6, வெள்ளி

வெயில். கட்டுக்கு வெளியே தெரிகிற செல்வி விரல்களுக்கு எண்ணெய் தேய்த்தேன். விரல் மடங்குகிறது, பிடி இல்லை.

பவானியை விடவில்லை. அந்த மேப்பை எடு என்றேன்.

"ஆயா, உனக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்?"

"எடுடி. யாரு வேணா பாக்கலாம்னாங்க இல்ல. நான் யாரு வேணா தானே."

விரலால் விரித்தால் ஊர் பெரிதாகிறது. குவித்தால் சின்னதாகிறது. இதில் இவ்வளவு இருக்கும் என்று தெரியாது. பேசின் பிரிட்ஜ் போனேன், ரயில் யார்டு ஓரம் எல்லாம் சிவப்பு. மாதவரம் போனேன். அங்கே செல்வியின் நாத்தனார் வீடு. கல்யாணத்தில் "கடற்கரை ஆளுங்க, பாத்து பொண்ணெடுங்க" என்று சொன்னவள். அவள் தெருவில் மட்டும் எத்தனை புள்ளி. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். பவானி சிரித்தாள்.

பிறகு சடையங்குப்பம். ஒன்றுமில்லை, வெறும் பச்சை. தண்ணீர் புகுந்த வருஷம் ஜனம் மேட்டில் போய்க் கிடந்தபோது வீடு வீடாகச் சாமான் போனதே. மிக்சி, கேஸ் சிலிண்டர், பெண்ணுக்கென்று வைத்த பித்தளை. எனக்கே தெரியும். மேப்புக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் புரிந்தது. புள்ளி இல்லாத இடத்தில் திருடன் இல்லை என்று அர்த்தமில்லை. அங்கே யாரும் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் பாதையில் நடந்து, மேப்பில் இல்லாதவை, எனக்கு ஞாபகம் இருக்கிற வரை:
செல்வி செயின்.
கன்னியம்மாவின் சுருக்குப்பை, மீன் விற்ற காசோடு.
மேட்டுத்தெரு லட்சுமி செல்போன். அவளைத் தள்ளினதில் பல் ஒன்று.
காலனி வீட்டுப் பெண்ணின் காதுக் கம்மல், காதோடு.
யாரோ ஒருத்தன் பவானியின் துப்பட்டாவை இழுத்தது. பவானி இதைச் சொல்லவேண்டாம் என்றாள். எழுதுகிறேன், சொல்லவில்லை.

ஆவணி 8, ஞாயிறு

மேகம், மழை இல்லை. வஞ்சிரம் சீக்கிரம் போய்விட்டது. காரப்பொடி மீன் விற்காமல் நின்றுவிட்டது.

செல்வி விழுந்ததிலிருந்து தெருமுனையில் மீன் விற்க நான்தான் உட்காருகிறேன். கன்னியம்மா ஏலத்திலிருந்து எங்களுக்கும் சேர்த்து எடுத்து வருகிறாள். அதற்கு நன்றி தனி, குண்டான் தனி.

குப்பத்து நுழைவில் பேனர் கட்டிவிட்டார்கள். "குற்றமில்லாக் குப்பம்." ஏகாம்பரம் கை கூப்பின படம், பின்னால் கடல், ஒரு புறா. ஆபீஸர் அம்மா காட்டின மேப்பை அப்படியே போட்டிருக்கிறது, எங்கள் இடத்தைச் சுற்றித் தங்கக் கலரில் ஒரு வட்டம். திருடர்களுக்கு விலாசம் எழுதிக் கட்டின மாதிரி.

மும்தாஜ் மீன் வாங்க வந்தவள் பேனரைப் பார்த்து முக்காட்டால் வாயை மூடிச் சிரித்தாள்.

"சிரிக்காத. நெத்திலி வேணுமா வேணாமா."

"சிரிக்காம இன்னாக்கா பண்றது. எங்க நகர்ல செருப்பு காணாம போனாக்கூட கம்ப்ளைண்ட் குடுத்துடுவோம். அதான் நாங்க செவப்பு. நீங்க செயினு போனாலும் சொல்ல மாட்டீங்க. அதான் நீங்க சுத்தம்."

"திருடன் உன் நகர்லதான் கீறானா?"

"திருடன் ரெண்டு பேருக்கும் ஒரே ஆளுதான். நாங்க துப்பறோம், நீங்க முழுங்கறீங்க. நெத்திலிய நல்லா போடு."

நல்லாத்தான் போட்டேன். அவள் சொன்னது சரி.

சாயங்காலம் பவானி வந்ததும் மறுபடி மேப். மும்தாஜ் இருக்கிற நகர் மேல் ஒரு பெரிய வட்டம் இருக்கிறது, பல புள்ளி சேர்ந்த வட்டம். விரிக்க விரிக்க உடைந்து, புள்ளி புள்ளியாகத் தெருவில் போய் உட்காருகிறது. இன்னும் விரி என்றேன். கடைசியில் ஒன்று மட்டும் ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து விழுந்தது. ஐஸ் கம்பெனி வாசல்.

ஐஸ் கம்பெனி எங்கள் குப்பம்.

பவானி அதைத் தொட்டுப் படித்தாள். வாகனத் திருட்டு, பங்குனி மாதக் கணக்கில். பெயர் போடமாட்டார்களாம்.

ஆக எங்களில் யாரோ ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார்கள். பங்குனியிலேயே. யார். சோறு இறங்கவில்லை, கோபத்தில் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்.

மூர்த்தியிடம் கேட்டேன். "உனக்கு வேற வேல இல்லையாம்மா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஆவணி 9, திங்கள்

யோசனை. மீன் கழுவும்போதும் யோசனை.

பங்குனியில் எங்கள் குப்பத்தில் யார் வண்டி போனது. கன்னியம்மா மருமகன் பைக் போனது மாசியில், மாசி மகத்துக்கு சாமி கடலுக்கு வந்த அன்று. அதுவும் பேசின் பிரிட்ஜ் பக்கம் தானாகக் கிடைத்துவிட்டது. ஐஸ்வண்டி திருடு போகவில்லை, கடன் பாக்கிக்குச் சேட்டு தூக்கிப் போனான். மீன்பாடி வண்டி எடுத்தவன் மறுநாளே கொண்டுவந்து விட்டான், குடித்திருந்தானாம்.

ஏகாம்பரம். கறுப்புப் பைக் வைத்திருந்தான். பங்குனி உத்திரத்தன்று நடந்து வந்தான் கோயிலுக்கு. எனக்கு நன்றாக ஞாபகம், ஏனென்றால் என் கால் மேல் மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு சித்திரையில் சிவப்புப் பைக். பழசைக் கொடுத்துப் புதுசு எடுத்தேன் என்று இனிப்புக் கொடுத்தான். ஜாங்கிரி. ஊசிப்போனது.

இருக்காது. தெண்டம் போடுகிறவனே போவானா.

ஆவணி 11, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. மீன் கேட்க நாதியில்லை. மும்தாஜ் ஒருத்திதான், இன்றைக்கு மலிவு என்று தெரிந்தே வந்தாள்.

சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். பைக்கு காணாமப் போனா உங்க நகர்ல எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போவீங்களா.

"போவாம? இன்சூரன்ஸ்காரன் மொதல்ல கேக்கறதே போலீஸ் எழுதிக் குடுத்த காயிதத்தத்தானே. அது இல்லாம புது வண்டி எங்கேருந்து வரும்?"

ஓடுமீன் ஓட உறுமீன் வந்தது. ஏகாம்பரத்தின் சிவப்புப் பைக் எங்கேயிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. கொழுக்கட்டை செய்யவில்லை இந்த வருஷம். செல்விக்கு மாவு பிசைய முடியாது, எனக்கு மனசு இல்லை.

ஆவணி 12, வியாழன்

வெயில் கொளுத்தியது. செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏகாம்பரம் பேனருக்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"வா பெரிம்மா. குந்து."

"ஒக்கார வரல. பங்குனில உன் கறுப்பு வண்டி எங்க போச்சு ஏகாம்பரம்?"

"மாத்தினேன்னு சொன்னேனே."

"ஐஸ் கம்பெனி வாசல்லயா மாத்தின?"

பவானி போனை செல்வியிடம் கொடுத்திருந்தாள். செல்வி நல்ல கையால் அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். விரிக்க மட்டும் அவளுக்கு முடியவில்லை, நான் விரித்தேன். பார்த்தான். பேனரைப் பார்த்தான். இரண்டிலும் ஒரே மேப், அவனுடையதில் மட்டும் ஐஸ் கம்பெனிப் புள்ளி பக்கத்து நகரின் பெரிய வட்டத்துக்குள் போய்விட்டது.

"பெரிம்மா, அது வேற. லோன் வண்டி. காயிதம் இல்லாம இன்சூரன்ஸ் தர மாட்டான். நான் இன்னா பண்றது."

"வண்டிக்கு ஸ்டேஷன் போலாம். கைக்கு போவக் கூடாதா?"

செல்விதான் கேட்டாள். சத்தமே இல்லாமல் கேட்டாள்.

அவன் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, "என்ன மட்டும் ஏன் புடிச்சிகினு கீறீங்க. அங்க சாட்சி கையெழுத்து போட்டது யாரு? உங்க மூர்த்திதானே. என் கூட வந்து பெஞ்சில குந்தினு இருந்தானே. அவன கேளுங்க."

செல்வி போனை மடியில் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள். நான் பின்னால்.

ஆவணி 13, வெள்ளி

மூர்த்தி கடலிலிருந்து வந்து குளித்து, சாப்பிட்டு, கை கழுவும் வரை காத்திருந்தேன். சாப்பிடும் பிள்ளையிடம் கேட்கக் கூடாது.

கேட்டேன். மறுக்கவில்லை.

"அவரு போட்ல வேல பாக்கறேன். சாட்சி போடுன்னாரு, போட்டேன். யாருக்கும் சொல்லாதன்னாரு, சொல்லல. இதுல இன்னா தப்பு?"

"அது தப்பில்ல. உன் தங்கச்சி கை ஒடஞ்சி வந்து கெடந்தா பாரு. ஸ்டேஷனுக்கு போவாதன்னு அவ தல மாட்ல குந்திகினு சொன்னியே. ஊர் கட்டுப்பாடுன்னு சொன்னியே. அப்ப உனக்கு தெரியும் இல்ல, அந்தக் கட்டுப்பாட்ட தலைவனே ஒடச்சிட்டான்னு."

கொஞ்ச நேரம் துண்டை முறுக்கினான்.

"இவ போனா அங்க யாருக்காச்சும் ஞாபகம் வரும்மா. போன தபா உங்க தலைவரு வந்தாரேன்னு சொல்லிடுவாங்க. ஊருக்கு தெரிஞ்சா நான்தான் சொன்னேன்னு நெனப்பாரு. அப்பால எனக்கு போட்டு ஏது?"

செல்வி உள்ளே இருந்தாள். மெல்லிசு சுவர். எல்லாம் கேட்டிருக்கும்.

ஆவணி 14, சனி

காலையில் நல்ல மழை, பிறகு விட்டது.

போனோம். நான், செல்வி, கன்னியம்மா, பல் போன லட்சுமி, காது அறுந்த காலனிப் பெண், இன்னும் சிலர். பவானி கடைசி நிமிஷம் செருப்பை மாட்டிக்கொண்டு, நானும் வர்றேன் என்றாள். துப்பட்டா விஷயம் சொல்லப் போகிறாளாம்.

வழியில் ஏகாம்பரத்தின் ஆள் ஒருவன் மறித்தான். தெண்டம் போடுவாங்க, தெரியும் இல்ல என்றான்.

கன்னியம்மா: "கட்றோம் நைனா. மொதல்ல உங்க தலைவரு கட்டட்டும். பங்குனிலேருந்து பாக்கி."

அவனுக்கு விஷயம் அதற்குள் எட்டியிருந்தது போல. வழி விட்டான். கன்னியம்மாவுக்கு வாய் இப்படி இருக்கும் என்று தெரியாமல் இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்திருக்கிறேன்.

ஸ்டேஷனில் ஒரு பெண் போலீஸ். "இத்தினி நாளா இன்னாம்மா பண்ணிகினு இருந்தீங்க" என்றாள். எல்லாருக்கும் சேர்த்து ஒன்றாக எழுதிக்கொள்கிறேன் என்றாள்.

"வேணாங்க," என்றாள் செல்வி. "ஆளுக்கு ஒண்ணா எழுதுங்க. புள்ளி ஆளுக்கு ஒண்ணு வரணும்."

அந்த போலீஸ்காரப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். எழுத ஆரம்பித்தாள். எந்த இடம் என்று கேட்டாள். அங்கே மாட்டிக்கொண்டோம். பாதைக்குப் பெயர் கிடையாது. பாதை என்றுதான் சொல்லுவோம், பிறந்ததிலிருந்து. பெயரில்லாத இடத்தில் எப்படிப் புள்ளி வைப்பது. யார்டு பின்பக்கச் சுவர், லாரி நிற்கும் இடம் என்று பவானி சொல்லச் சொல்ல எழுதினாள்.

செல்வி இடது கையால் கையெழுத்துப் போட்டாள். கோணல்தான். ஆனால் செல்வி என்று படிக்கலாம்.

மூர்த்தி வரவில்லை. கூப்பிடவும் இல்லை.

ஆவணி 15, ஞாயிறு

பிள்ளையார் கரைப்பு. கரை முழுக்க போலீஸ், கிரேன், மேளம். எங்கள் பாதையில் கூட இரண்டு போலீஸ். இன்று ஒரு நாள் அங்கே நகை போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று செல்வி சொன்னாள். செயின்தான் இல்லை.

மேப் பார்த்தேன். நேற்று எழுதினது இன்னும் ஏறவில்லை. மெதுவாகத்தான் ஏறுமாம். பவானி ஆபீஸர் அம்மாவுக்கு ஸ்டேஷனில் கொடுத்த ரசீதுகளைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள்.

களிமண் பிள்ளையார் ஒன்று அலையில் திரும்பி வந்து தும்பிக்கை மட்டும் மேலே தெரிந்தது. குழந்தைகள் மறுபடி தள்ளினார்கள்.

ஆவணி 16, திங்கள்

மேகம். சீலா மீன் நல்ல விலை.

ஆபீஸர் அம்மா வந்தாள், பாதையை நடந்தே பார்த்தாள். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. சுவரோரம் விளக்கு எழுதிவிட்டேன் என்றாள். காமிரா அடுத்த தடவைதான். பக்கத்து நகருக்கும் உண்டு. மும்தாஜ், "உங்களுக்கும் அம்மை போட்டுடுச்சா" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

விளக்கு எரிந்த மறுநாள் ஏலத்துக்குப் போகிறேன் என்றிருக்கிறாள் செல்வி. கூடையைக் கன்னியம்மா தூக்குவாள், பேரம் இவள் பேசுவாள். அப்படிப் பேசி வைத்திருக்கிறார்கள்.

மத்தியானம் ஏகாம்பரம் பேனரைத் தானே கழற்றினான். ஏணி பிடிக்க ஆள் கூப்பிடவில்லை. பிறகு ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் தெண்டம் கட்டினான், செல்வியிடம் வந்து நின்று, "தப்புதான் தங்கச்சி" என்றான். தலைவர் பதவி இருக்குமோ போகுமோ தெரியாது. ஊர் பார்க்கத் தப்பு என்று சொன்னான், அதனால் அவனை விட்டுவிட்டேன்.

பைக்கில் வந்தவர்களைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். முகம் தெரியாது. தெரியாதவன் மேல் எத்தனை நாள் கோபம் வைப்பது.

இருட்டுவதற்குள் மூர்த்தி வந்தான். இறால் கொண்டுவந்திருந்தான், பெரிய இறால், செல்விக்குப் பிடிக்கும். வாசலிலேயே நின்றான். செல்வி வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஒற்றைக் கையால் தட்டு வைத்தாள். "வந்து துன்னுண்ணா" என்றாள். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவள் குழம்பு ஊற்றினாள்.

அவள் கை, அவள் அண்ணன், அவள் இஷ்டம்.

நான் தலைமாட்டில் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள். தங்கச்சி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், அவன் அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போகாதே, போகாதே என்றான். அன்பு என்று நினைத்தேன்.

என் மகன் மூர்த்தி. அவனை மன்னிக்க மாட்டேன்.